பங்க் காற்றா, நைட்ரஜனா, வீட்டு இன்ஃப்ளேட்டரா?

டயர் வால்வில் பச்சை மூடி போட்ட காரைப் பார்த்தால், அதன் சொந்தக்காரர் டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கும் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். நானும் இரண்டு வருடம் அந்தக் கட்சியில் இருந்தேன். இப்போது கட்சி மாறிவிட்டேன்.

முதலில் பங்க் காற்று. இலவசம், பெட்ரோல் போடப் போகும்போதே வேலை முடிந்துவிடும். எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று நம்பரைச் சொன்னால் மெஷினில் வைத்து அடித்துவிடுவார்கள், நிரம்பியதும் அதுவே பீப் அடிக்கும். குறை மெஷினில் இல்லை, நாம் போகும் நேரத்தில் இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

ஒருமுறை தாம்பரத்திலிருந்து கிளம்பி, நல்ல வெயிலில் செங்கல்பட்டு தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினேன். என் காருக்கு 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). மெஷின் 37 காட்டியது. "அதிகமா இருக்கு சார்" என்று அந்தத் தம்பி புஸ்ஸென்று காற்றை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தார். நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை ஊரில் கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் நாலு டயரிலும் 29. நல்ல டயரைக் காசில்லாமல் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஓடிச் சூடான டயரில் நாலு பாயின்ட் கூடக் காட்டுவது இயல்பு, அதை இறக்கக் கூடாது. காற்று குறைந்த டயரில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு ஏறும். கோடைகால ஹைவேயில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து நைட்ரஜன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சூட்டில் அழுத்தம் ஏறாது என்பார்கள். காய்ந்த காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் அதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டிலுமே 5, 6 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஏறும். கம்ப்ரஸரில் தண்ணீர் சேர்ந்து ஈரக்காற்று வந்தால் மட்டும் ஏற்ற இறக்கம் கொஞ்சம் கூடும். நைட்ரஜன் மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மெதுவாக? அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 மாடல் டயர்களில் 30 பி.எஸ்.ஐ. நிரப்பி ஒரு வருடம் வைத்துப் பார்த்தது. சாதாரணக் காற்று 3.5 குறைந்தது, நைட்ரஜன் 2.2. வருடத்துக்கு 1.3 பாயின்ட் லாபம், அவ்வளவுதான். விமான டயருக்கு நைட்ரஜன் போடுகிறார்களே என்றால், அங்கே தீப்பிடிக்கும் அபாயமும் உயரத்தில் ஈரம் உறைவதும் கவலை. நம் கார் அவ்வளவு உயரம் போவதில்லை.

காசு பெரிதில்லை. நைட்ரஜன் என்னைச் சோம்பேறியாக்கியது, அதுதான் என் புகார். "நைட்ரஜன்தானே, இறங்காது" என்று மூன்று மாதம் கேஜ் பக்கமே போகவில்லை. வால்வில் சின்னக் கசிவு இருந்தால் அதுவும் இறங்கத்தான் செய்யும். அவசரத்துக்குச் சாதாரணக் காற்று கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது என் டிக்கியில் இருப்பது 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர், அதாவது கார் மின்சாரத்தில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் மெஷின். இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு உருப்படியாகக் கிடைக்கிறது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே குளிர்ந்த டயரில் பார்க்க முடிவதுதான் பெரிய வசதி. என்ஜினை ஓடவிட்டு, சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் சொருகி 33 வைத்தால் தானே நின்றுவிடும். ஆனால் சத்தம்! ஆறு மணிக்கு ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார். மலிவான மெஷினில் அளவு ஓரிரு பாயின்ட் தப்பும் என்பதால் தனியாக ஒரு கேஜும் வாங்கி வைத்திருக்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய நம்பரைப் பார்த்து அடிக்க வேண்டாம். அது டயர் தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்கு அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிமானமும் குறையும். குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிப் போனால் பல கார்களின் ஸ்டிக்கரிலேயே முழுச் சுமைக்குத் தனி அளவு இருக்கும்.

வீட்டில் பார்க்கிங் வசதி இல்லாதவர்களுக்குப் பங்க்தான் சரி. வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பதாகப் பார்த்து, காலையில் முதல் வேலையாகப் போங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் காட்டுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் அது 60 பி.எஸ்.ஐ. கேட்கும்.