குழாய் கேஸ் இணைப்பு: ஐந்துக்கு நான்கு

டெல்லியை ஒட்டிய எங்கள் குடியிருப்புக்குக் குழாய் வழி சமையல் எரிவாயு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து பிளாக்குகளில் "போடலாமா, வேண்டாமா?" என்று பார்க்கிற இடமெல்லாம் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்றில் பாதி, இணைப்புக் கொடுக்க வந்தவர்களுக்கு. மீதிப் பாதி டெஹ்ரான், இஸ்லாமாபாத், டெல்லி, வாஷிங்டன் நான்குக்கும் பொதுவாக. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அடுப்பு. சிலிண்டருக்குப் பதிவு செய்வது, ஆள் வரும் நேரத்துக்கு வீட்டில் காத்திருப்பது, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது விசிலோடு குக்கர் நின்றுபோவது எல்லாம் ஒழிந்தது. மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பில் வந்துவிடுகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்துக்கு இதில் சுமார் 19 கனமீட்டர் ஆகும். உங்கள் பழைய செலவோடு ஒப்பிட அந்தக் கணக்கு போதும்.

பாதுகாப்பிலும் இது ஒரு படி மேல். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். இது லேசானது, மேலே எழும்பி வெளியே போகப் பார்க்கும். அது போவதற்கு வழி வேண்டும் இல்லையா? டிசம்பர் குளிருக்குப் பயந்து சமையலறை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

குறை எங்கே என்றால், பொருத்த வந்த இடத்தில். குழாய் கேஸின் அழுத்தம் சிலிண்டரைவிடக் குறைவு, ஒரு கனமீட்டரில் உள்ள வெப்பமும் குறைவு. அதனால் பழைய அடுப்பின் ஜெட்டை, அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சின்ன துளைத் திருகை, கழற்றிவிட்டு, பெரிய துளை உள்ள ஜெட் போட வேண்டும். எங்களுக்கு வந்த பையன் மூன்று பர்னரில் இரண்டை மட்டும் மாற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் தோசைக்கல் வைப்பது மூன்றாவது பர்னரில். கல் காய்வதற்குள் சட்னி அரைத்து, தாளித்து, பாத்திரமும் கழுவிவிடலாம். போனில் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் கழித்துத்தான் வேறொருவர் வந்தார். ஐந்து நிமிட வேலை, அவ்வளவுதான்.

"இது எந்த ஊர் கேஸும்மா?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. குஜராத் கரையிலிருந்து வடக்கே வரும் ஹஜீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் குழாய்த் தொகுப்பில்தான் இந்தப் பக்கத்துக்கு கேஸ் வருகிறது. வீட்டு அடுப்புக்கு உள்நாட்டு கேஸை முன்னுரிமை கொடுத்து ஒதுக்குகிறார்கள், ஆனால் அது கணக்குப் புத்தகத்தில். குழாய்க்குள் எல்லாம் கலந்துதான் ஓடுகிறது. குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கத்தார் கேஸும் அதில் உண்டு.

அந்தக் கத்தார் கேஸின் பயணத்தைக் கேளுங்கள். கத்தாரின் ராஸ் லஃபான் துறைமுகத்தில் அதை மைனஸ் 162 டிகிரி வரை குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். கன அளவு 600இல் ஒரு பங்காகிவிடும். பிறகு தனிக் கப்பலில் ஏற்றி, வளைகுடாவின் குறுகிய வாசலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி, அரபிக் கடலைக் கடந்து கொண்டுவந்து, தஹேஜில் மறுபடியும் சூடேற்றி வாயுவாக்குகிறார்கள். 2004 முதல் இப்படித்தான் வருகிறது. வருடத்துக்கு 75 லட்சம் டன். 2028இல் முடிய வேண்டிய அந்த ஒப்பந்தத்தை 2024இல் இன்னும் 20 வருடத்துக்கு நீட்டிவிட்டார்கள்.

கத்தார் அதை எடுப்பது கடலடியில் உள்ள 'வடக்கு வயல்' என்ற இடத்திலிருந்து. அந்த வயலின் குறுக்கே கடல் எல்லை போகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரானுடையது, அங்கே அதற்குப் பெயர் 'தெற்கு பார்ஸ்'. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குக் குழாய் போட ஒரு திட்டம் இருந்தது. அந்தக் குழாய் வந்திருந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். பூமிக்கடியில் ஒரே வயல். குளிரவைப்பதும் வேண்டாம், கப்பலும் வேண்டாம், தரைவழியே சுமார் 2,700 கிலோமீட்டர் குழாய் போதும்.

எனக்கு மாயவரம் சொந்த ஊர் என்பதால் இந்தக் கதையில் தனி அக்கறை உண்டு. 2004இல் பெட்ரோலிய அமைச்சரான மணிசங்கர் அய்யர் அப்போது எங்கள் தொகுதி எம்.பி. 'அமைதிக் குழாய்' என்று சொல்லி அவர் இதைப் பிடிவாதமாக முன்னுக்குத் தள்ளினார். 2005 மார்ச்சில் டெல்லி வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், இது எங்களுக்குக் கவலை தருகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே வருடம் செப்டம்பரில், ஈரானின் அணுத் திட்டம் பற்றி சர்வதேச அணுசக்தி முகமையில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. 2006 ஜனவரியில் அய்யரிடமிருந்து துறை கைமாறியது. 2008இல் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒப்பந்தம் முடிந்தது. அந்தச் சமயத்திலேயே குழாய்ப் பேச்சுக்குப் போவதை இந்தியா நிறுத்திக்கொண்டது.

விலை ஒத்துவரவில்லை, பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணம் வழியாக வரும் குழாயை யார் காப்பது என்று அரசு சொன்ன காரணங்களும் பொய்யில்லை. சுயி வயலிலிருந்து போகும் பாகிஸ்தானின் சொந்தக் குழாய்களையே அங்கே பலமுறை வெடிவைத்துத் தகர்த்திருக்கிறார்கள். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம், வால்வு பாகிஸ்தானில் இருக்கும் ஒரு குழாய்க்கு இங்கே எந்த அமைச்சர் கையெழுத்துப் போட்டிருப்பார்?

ஆனால் பாகிஸ்தானால்தான் கெட்டது என்று முடித்துவிட முடியவில்லை. இந்தியா விலகிய பிறகு ஈரானும் பாகிஸ்தானும் மட்டும் 2009இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2013 மார்ச்சில் அப்போதைய ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் எல்லையில் விழா எடுத்தார்கள். ஈரான் தன் பக்கத்துக் குழாயைப் பெரும்பாலும் பதித்துவிட்டது. பாகிஸ்தான் தன் பக்கத்தைப் பதிக்கவில்லை. 2024இல் குவாதரிலிருந்து எல்லை வரை 80 கிலோமீட்டர் மட்டுமாவது போடலாம் என்று ஒப்புதல் கொடுத்தபோது, ஈரானோடு வியாபாரம் செய்தால் பொருளாதாரத் தடை வரும் என்று அமெரிக்கா மறுபடியும் எச்சரித்தது. கேஸ் இல்லாமல் திண்டாடும் நாடு, பக்கத்து வீட்டுக் குழாய் வாசல் வரை வந்தும் வாங்க முடியவில்லை. தடை பயம்தான் பெரிய முட்டுக்கட்டை என்று நான் நினைப்பது இதனால்தான்.

துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பஞ்சாபின் ஃபாஸில்கா வரை வர வேண்டிய 'டாபி' குழாய் இன்னொரு கதை. 2015 டிசம்பரில் நடந்த தொடக்க விழாவுக்கு நம் அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ஹமீத் அன்சாரி போயிருந்தார். ஆப்கானிஸ்தானின் ஹெராத் வரையிலான பகுதிக்கு 2024 செப்டம்பரில் தாலிபான் அரசோடு சேர்ந்து இன்னொரு விழா நடத்தினார்கள். ஃபாஸில்காவுக்கு இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை.

இதெல்லாம் உங்கள் பில்லில் தனி வரியாக இருக்காது. ஆனால் வளைகுடாவில் சண்டை மூண்டால் இந்த இணைப்புக்கும் கவலைப்பட வேண்டும். 2025 ஜூனில் இஸ்ரேல் தெற்கு பார்ஸ் வளாகத்தையே தாக்கியது. தெரிந்தவர்கள் பலர் ஒரு மின்தூண்டல் அடுப்பையும் கைவசம் வைத்திருக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன்.

சரி, போடலாமா என்றால், தாராளமாகப் போடுங்கள். எல்லா பர்னரையும் எரியவிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இணைப்பு யார் பெயரில், காலி செய்யும்போது டெபாசிட் யாருக்குத் திரும்பும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் அந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.