மேட்டூர் மீனா, ஏற்காட்டுக் காபியா?

அக்கா மகன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட்டில் வேலை பார்க்கிறான். போன முறை லீவுக்கு வந்தபோது போனில் ஒரு படம் காட்டினான். தட்டு நிறைய ஐஸ், அதன்மேல் வாய் பிளந்த பன்னிரண்டு சிப்பி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு, பின்னால் கடல். அடுத்த படத்தில் திராட்சைத் தோட்டம், கையில் வைன் கிளாஸ். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் காலையில் சிப்பி, மத்தியானம் வைன், சாயந்திரம் வீடு திரும்பிவிடலாமாம். “சேலத்துல இந்த மாதிரி ஒரு நாள் இருக்கா மாமா?” என்று கேட்டான். “இங்க டாஸ்மேனியா இல்லடா, டாஸ்மாக்தான்” என்று அவன் அப்பா முந்திக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி எனக்குள் ஒட்டிக்கொண்டது. சிப்பியையும் வைனையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் அவன் கேட்டது எளிமையான விஷயம்: ஒரு பொருள் விளைகிற இடத்துக்கே போய், அதை எடுக்கிறவர் கையால் வாங்கி, அங்கேயே ருசி பார்ப்பது. தண்ணீரிலிருந்து ஒன்று, தோட்டத்திலிருந்து ஒன்று. அப்படிப் பார்த்தால் எங்கள் மாவட்டத்திலேயே இரண்டும் இருக்கின்றன. மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் மேட்டூர் அணை மீன், வடக்கே முப்பத்திரண்டு கிலோமீட்டரில் ஏற்காட்டுக் காபி. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் எது?

அதற்கு முன் கடல் கணக்கை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதையும் நான் செய்து பார்த்துவிட்டேன். சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் பரங்கிப்பேட்டை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் ஆளி, அதாவது அவன் படத்தில் காட்டிய மாதிரிச் சிப்பி, இருக்கிறது, பாறையிலும் கட்டையிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டு. ஆனால் தட்டில் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வெறும் வயிற்றோடு நின்ற எங்களைப் பார்த்து ஒரு அம்மா, “அத ஏன் தேடறீங்க, நண்டு வாங்கிட்டுப் போங்க” என்றார். நண்டு பிரமாதம்தான். ஆனால் நண்டுக்காகப் போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகு எதுவும் போகாது. பள்ளிக்கூட லீவு அந்தச் சமயத்தில்தானே வருகிறது! வைன் வேண்டுமென்றால் அங்கிருந்து இன்னும் வடக்கே புதுச்சேரி போக வேண்டும், குடித்துவிட்டு யார் வண்டி ஓட்டுவது என்ற சண்டையும் சேர்ந்து வரும். திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது, அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது இரண்டு நாள் பயணம். இந்தப் பேச்சில் சேர்க்க முடியாது.

சரி, மேட்டூர்.

மேட்டூர் மீன் என்றால் பலருக்கு அணைப் பூங்கா பக்கத்து வறுவல் கடைகள்தான். மசாலா தடவிய மீனை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் கல்லில் போட்டு எடுத்துத் தருவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு ‘மேட்டூர் மீன் சாப்பிட்டேன்’ என்று சொல்வது பாதி உண்மை. எனக்கே ஒருமுறை மாட்டியது. மசாலா சிவப்பில் எதுவும் தெரியவில்லை, வாயில் வைத்ததும் சதை மாவு மாதிரி உதிர்ந்தது. எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ. கடைக்காரரிடம் கேட்டால் காலையில் பிடித்தது என்று சத்தியம் செய்கிறார். எந்தக் காலை என்று கேட்கத் தோன்றவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஆறரைக்குள் போய்விடுவேன். சாயந்திரம் பரிசலில் போய் வலை விட்டவர்கள் விடிகாலையில் எடுத்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். பரிசலின் அடியில் ஈரச் சாக்கு, அதன்மேல் கட்லா, ரோகு, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வாளை. அங்கே ஏமாற்றுவது கடினம். கண் பிதுங்கிப் பளபளவென்று இருக்க வேண்டும், குழிந்து வெளுத்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு தெரிய வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக்கூடாது. அக்கா மகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். அவன் ஒவ்வொரு மீனாக அழுத்திப் பார்க்க ஆரம்பிக்க, பரிசல்காரர், “தம்பி, டாக்டருக்குப் படிக்கிறாரா?” என்றார்.

வாங்கிய மீனைக் கரைக்குப் பக்கத்திலேயே செதில் எடுத்து, வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதை வறுவல் கடையில் கொடுத்துக் கூலிக்கு வறுத்து வாங்கிக்கொள்வதுதான் என் வழி. எல்லாக் கடையிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், காலை நேரத்தில் கூட்டம் இல்லாதபோது கேட்டால் கிடைக்கும். எந்த மீன் என்பதில் ஒரு எச்சரிக்கை. கட்லாவும் ரோகுவும் ருசியானவை, ஆனால் சதைக்குள் கவட்டை மாதிரி பிரிந்த நுண்முள் நிறைய. வெளிநாட்டிலிருந்து வந்தவர், சின்னப் பிள்ளைகள் என்றால் ஜிலேபி அல்லது கெளுத்தி போதும். ஜிலேபியை முழுசாக, இரண்டு பக்கமும் கீறி, மசாலா உள்ளே இறங்கும்படி வறுத்தால் வால் பக்கம் அப்பளம் போல நொறுங்கும். முள் எல்லாம் நடு முள்ளோடு மொத்தமாகக் கழன்று வந்துவிடும்.

மேட்டூரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, மீனைத் தாண்டிப் பார்க்க விஷயம் இருக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தண்ணீர் நன்றாக இறங்கிய வருடங்களில் பண்ணவாடி பக்கம் மூழ்கிப்போன கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலை காட்டும். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்டி அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்களின் புகை ஒரு பக்கம். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் உல்லம் மீன் காவிரியில் அருகிப்போனதற்கு இந்த அணையும் ஒரு காரணம் என்று மீன்வள ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கடலே மீன் அனுப்பிய ஆற்றின் கரையில் நின்றுகொண்டு நாம் கடலைத் தேடிப் பரங்கிப்பேட்டை போகிறோம்.

அப்புறம் பருவம். மேட்டூரில் இதுதான் முக்கியம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அணை நிறைந்து பதினாறு கண் மதகில் தண்ணீர் பாய்ந்தால் காட்சிக்குக் குறைவில்லை, ஆனால் மீனுக்குச் சரியில்லை. அவ்வளவு தண்ணீரில் மீன் பரவிவிடும், வெள்ளம் திறந்துவிட்டால் பரிசலும் இறங்காது. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் போகும். அந்த வருடத்துத் தண்ணீர் குறையக் குறையத்தான் வலையில் நன்றாக விழும் என்பது கரையில் நிற்பவர்கள் சொல்வது.

ஏற்காடு வேறு மாதிரி. அங்கே மலையேறுவதே பாதி விருந்து. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் காது அடைத்து, ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிடுவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காபிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர். இருநூறு வருடமாகக் காபி விளைகிற மலை. அப்படியிருந்தும் ஏரிக்கரைக் கடைகளில் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துப் பாருங்கள், சேலம் பஸ் ஸ்டாண்டு காபிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தோட்டத்துக் கொட்டை மூட்டையாகக் கீழே போய்விடுகிறது, சிக்கரி கலந்த பாக்கெட் மேலே ஏறி வருகிறது.

அதனால் ஏற்காட்டில் காபி என்றால் தோட்டத்துக்குள் போவது என்றே அர்த்தம். சுற்றிக்காட்டுகிற தோட்டங்கள் சில இருக்கின்றன, தங்குமிடம் வைத்திருப்பவர்களும் காட்டுவார்கள். முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் ஜனவரிக்குள் போனால் பழம் சிவந்திருக்கும். ஒன்றைப் பறித்துக் கடித்துப் பாருங்கள். சதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வழவழப்பான ஒரு இனிப்பு, கொட்டை நாக்கில் வழுக்கும். அந்த வழவழப்பைப் போக்கத்தான் இத்தனை வேலையும். பழத்தை அப்படியே தோலோடு களத்தில் காயவைத்தால் அந்தக் காபிக்குச் செர்ரி என்று பெயர். பல்பரில் போட்டுத் தோலெடுத்து, தொட்டியில் புளிக்கவிட்டு, அலசிக் காயவைத்தால் பார்ச்மென்ட். தொட்டிப் பக்கம் நின்றால் பழைய சோற்று நீர் மாதிரி லேசான புளிப்பு வாசம். அக்கா மகன் மூக்கைச் சுளிப்பான் என்று நினைத்தேன். “வைன் பண்ற இடத்துலயும் இப்படித்தான் மாமா வாசம் வரும்” என்றான். இரண்டும் பழத்தைப் புளிக்கவைக்கிற தொழில்தானே.

களத்தைத் தாண்டினால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. நிழலுக்கு மரம், மரத்தில் மிளகு, அடியில் காபி, நடுவில் ஆங்காங்கே ஆரஞ்சு. ஒரே ஏக்கரில் நாலு வருமானம். மார்ச், ஏப்ரலில் மழை பெய்த சில நாட்களில் காபி பூக்கும். மல்லிகை மாதிரி வெள்ளையாக, வாசமும் ஏறக்குறைய அப்படித்தான், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதைத் திட்டம் போட்டுப் பார்க்க முடியாது, மாட்டினால் உண்டு.

வாங்குவதில்தான் ஏற்காடு மேட்டூரிடம் தோற்கிறது. மீனுக்குக் கண்ணும் செவுளும் இருக்கின்றன, தூளுக்கு எதுவும் இல்லை. ‘தோட்டத்துச் சுத்தக் காபி’ என்று எழுதியிருந்த பாக்கெட்டை ஒரு கடையில் வாங்கி வந்தேன். வீட்டில் கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு ஸ்பூன் தூவினேன். காபித்தூள் கொஞ்ச நேரம் மேலே மிதக்கும், சிக்கரி உடனே மூழ்கித் தண்ணீரில் பழுப்புக் கோடு இழுக்கும். என் டம்ளரில் பாதிக்கு மேல் கோடுதான். சிக்கரி பிடிக்காதவன் அல்ல நான், வீட்டில் தினமும் குடிப்பதே கலந்ததுதான். ஆனால் சிக்கரிக்குக் காபி விலை கொடுக்க மனசு வராது. அதிலிருந்து தோட்டத்தில் நேராக வறுக்காத கொட்டையாகவோ, என் கண் முன்னால் அரைத்ததாகவோதான் வாங்குகிறேன்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கணக்கு இப்படி. அன்றைக்கே, அங்கேயே வயிறும் மனசும் நிறைய வேண்டும் என்றால் மேட்டூர். காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், செலவும் குறைவு, ரோடு சமதளம், வயதானவர்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் வெயில். மார்ச்சுக்கு மேல் பதினொரு மணிக்குப் பிறகு அங்கே நிற்பது தண்டனை. ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று பார்த்து, வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வர வேண்டும் என்றால் ஏற்காடு. மீனை ஹோபார்ட்டுக்கா கொண்டுபோக முடியும்? ஆனால் ஏற்காட்டில் சாப்பாடு சுமார்தான். நான் எப்போதும் சேலத்திலிருந்தே தட்டுவடை கட்டிக்கொண்டு போய்விடுவேன். கோடை விழா நாட்களில் மட்டும் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். மலைப்பாதையில் பம்பருக்குப் பம்பர் ஊர்ந்து, குப்பனூர் வழியாக இறங்கி வரும்போது காபி வாசமே மறந்துவிடும்.

பேச்சு வந்த இடத்தில் ஒன்று. மேட்டூர் கட்லா வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது, ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, காபியும் அப்படித்தான். இதைச் சொல்லி அக்கா மகனிடம் அவன் சிப்பியைப் பெருமையடிக்கச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, அங்கே வளர்க்கிற சிப்பி 1940களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்தது என்றான். திராட்சை ஐரோப்பாவாம். ஆக, உள்ளூர்க்காரன் எவனும் இல்லை.

இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா என்றால், தை மாதத்தில் மட்டும் முடியும். அப்போது அணைத் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், காபிப் பறிப்பும் முடியும் தறுவாயில் இருக்கும். பொங்கல் கழிந்த ஞாயிறு நாங்கள் அப்படித்தான் போனோம். காலையில் மேட்டூர், ஓமலூர் வழியாகத் திரும்பி, மத்தியானம் ஏற்காடு. வீடு திரும்புவதையும் சேர்த்து மொத்தம் நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம், ரோட்டில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மூன்று முழு ஜிலேபியும் அரை கிலோ கெளுத்தியும் உள்ளே போன வயிறோடு இருபது வளைவு ஏறுவது பற்றி நான் யோசிக்கவில்லை. பதினொன்றாவது வளைவில் அக்கா மகன் வண்டியை நிறுத்தச் சொன்னான். அவன் தடுப்புச் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்க, பக்கத்தில் ஒரு குரங்கு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே போய்த் தோட்டத்தில் சர்க்கரை போடாத கட்டங்காபி ஒன்று குடித்த பிறகுதான் முகம் தெளிந்தது. அடுத்த முறை விடிகாலையில் மலை, மத்தியானம் அணை. கரையில் பரிசல்காரரைப் பிடிக்க முடியாது, அதற்குப் பதிலாக மேட்டூரில் தெரிந்தவர் யாரையாவது காலையிலேயே மீன் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும்.

போகும்போது அரைக் கிலோ தூள் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். சமையலறை மேடையில் கண்ணாடி டம்ளர், தெளிந்த தண்ணீர், மேலே கறுப்பாக ஒரு படலம். கீழே ஒரு வரி: “மிதக்குது மாமா.”