பொத்துவில் ஸ்பானிய எண் வகுப்பு: ஆறு வாரம் போனேன்

அறுகம்பேயில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்பெயின்காரர் ஏறினால் காசை விரலில் காட்டித்தான் பேசுவேன். அதனால் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். படிப்பிக்கும் சேர் முதல் நாளே கொப்பியை மூடச் சொல்லி, சில்லறையைத் தந்து எண்ண வைத்தார். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. பதினைந்து வரை பாடமாக்கத்தான் வேண்டும். பதினாறு, ‘தியெசிசெய்ஸ்’, நம்முடையது போலவே பத்தும் ஆறும் சேர்ந்தது. அறுபது ‘செசென்தா’, எழுபது ‘செத்தென்தா’. இதில்தான் நாக்கு தடுமாறும். 500 என்றால் ஐந்தையும் நூறையும் சேர்த்து ‘சின்கோ சியென்தோஸ்’ இல்லை, ‘கினியென்தோஸ்’. ரூபாய் அங்கே பெண்பால், ஆகவே ‘கினியென்தாஸ் ரூபியாஸ்’. இதைச் சேர் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டார், ஒரு முழு வகுப்பே வைத்திருக்கலாம். நேற்று ஆட்டோவில் வந்த ஒரு ஸ்பெயின் அக்காவிடம் ‘மில் கினியென்தாஸ்’ என்றேன். அந்த அக்கா திருப்பிக் கேட்காமல் 1500 எடுத்துத் தந்தார்.