சொட்டு மருந்தா, சிரப்பா, மெஃபனமிக்கா? கைக்குழந்தை காய்ச்சலுக்கு எது

புள்ளைக்கு உடம்பு கொதிச்சா எங்க காரைக்குடி பக்கம் மொதல்ல பஞ்சாயத்துதான். அப்பத்தா "சொட்டு மருந்தே போதும்த்தா"ம்பாக, தேவகோட்டை சின்னம்மா போன்லயே "மெஃபனமிக் குடு, டக்குனு எறங்கும்"பாக.

என் ஓட்டு பாரசிட்டமாலுக்குத்தான், ஆனா அதுலயே சொட்டா சிரப்பாங்குறதுதான் ஆளக் கவுக்குற எடம். பாட்டில் சின்னதா இருக்கவும் வீரியம் கம்மின்னு நெனக்கிறாக, உள்ள அப்படியே தலைகீழ். சொட்டு மருந்துல பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மி.கி., சிரப்புல 5 மில்லிக்கு 120, 125, இல்லன்னா 250 மி.கி. ஒரு வேளைக்கு அளவு கிலோவுக்கு 10ல இருந்து 15 மி.கி., அப்போ 7 கிலோ புள்ளைக்கு 70 - 105 மி.கி. இது சொட்டு மருந்துல 1 மில்லி கிட்டதான் வரும், 125 சிரப்புல 3 - 4 மில்லி. சிரப் குடுக்குற பழக்கத்துல சொட்டு மருந்த 4 மில்லி ஊத்திட்டா 400 மி.கி. உள்ள போயிரும், ஈரல் என்னத்துக்கு ஆகுறது! அதனால வீட்ல ஒரே வகை பாட்டில் வச்சுக்கிறது நல்லது, வயச வச்சு இல்ல எடைய வச்சு டாக்டர்ட்ட அளவு கேட்டு பாட்டில்லயே எழுதி ஒட்டிருங்க, கூடவே வர்ற சொட்டுக்குழாய்லயே அளந்து குடுங்க, டீ ஸ்பூன் வேணாம். அடுத்த வேளைக்கு 4 - 6 மணி நேரம் போகணும், ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேணாம். சளி சிரப் சிலதுலயும் பாரசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், லேபிள பாருங்க.

ஐபுப்ரோஃபென்னு இன்னொரு காய்ச்சல் மருந்து இருக்கு, அது பாரசிட்டமால விட கூடுதல் நேரம் தாங்கும், ஒத்துக்கிறேன். ஆனா 6 மாசத்துக்குள்ள டாக்டர் சொல்லாம கூடாது, வாந்தி பேதில தண்ணி வத்துன புள்ளைக்கு கிட்னிய பதம் பாக்கும், மழைக்கு அப்புறம் டெங்கு சந்தேகம் இருந்தா ரத்தக்கசிவு பயம் வேற. சின்னம்மா சொல்ற மெஃபனமிக்கும் ஐபுப்ரோஃபென் கூட்டந்தான், 2023ல மருந்துத் தரத்தப் பாக்குற அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா கமிஷனே அதோட அலர்ஜி பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. சின்னம்மாட்ட சொன்னா "நாங்க வளக்கலயா"ம்பாக.

பாரசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மாத்தி மாத்தி குடுக்குறதும் டாக்டர் சொல்லாம வேணாம், எத எப்ப குடுத்தோம்னு நடுராத்திரில கணக்கு தப்பும். ஆஸ்பிரின், நிமிசுலைடு பக்கமே போகாதீக, நிமிசுலைட 12 வயசுக்குள்ள குடுக்க 2011லயே தடை.

3 மாசத்துக்குள்ள புள்ளைக்கு காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுச்சுன்னா எந்த பாட்டில்னு பேச்சே இல்ல, நேரா ஆஸ்பத்திரிதான். தடுப்பூசி அன்னிக்கு நர்ஸ் அளவு சொல்லி அனுப்பியிருந்தா அது மட்டும் வேற.