பிராக் பழைய நகர நடைச்சுற்று: மதுரையிலிருந்து போன மூன்று பேரின் அனுபவம்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம், மதுரையிலிருந்து முப்பது பேரோடு ஐரோப்பா பேக்கேஜில் கிளம்பினோம். நான், மனைவி, அம்மா. டூர் நடத்தியவர்கள் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, கடைசி நாள் வரை ரசமும் தயிர்சாதமும் கிடைத்தது. ஆனால் செக் நாட்டுத் தலைநகரான பிராக் நகரத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மத்தியானம், அதிலும் பாதி கண்ணாடிச் சாமான் கடையில். எனக்கு அது பொறுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் பிரிந்து, பழைய நகரச் சதுக்கத்தில் குடையைத் தூக்கிப் பிடித்து நின்ற ஓர் உள்ளூர் வழிகாட்டியின் நடைச்சுற்றில் சேர்ந்தோம். ஆளுக்கு 600 கொருனா (செக் நாட்டுப் பணம்), நம்ம காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். இந்த விமர்சனம் அந்த நடைச்சுற்றுக்குத்தான்.

முதலில் வானியல் கடிகாரம். 1410இல் வைத்தது, இன்னமும் ஓடுகிறது. மணி அடிக்கும்போது ஜன்னலில் வந்து போகும் பன்னிரண்டு சீடர் பொம்மைகளை எல்லாரும் வீடியோ எடுத்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டிப் பெண்மணி கூட்டம் கலையும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் முகப்பை விளக்கவே ஆரம்பித்தார். வெளி வளையத்தில் இருப்பது பழைய பொகீமிய நேரம், சூரியன் மறைவதிலிருந்து 24 மணி எண்ணுவது. உள்ளே இன்னொரு கணக்கு, பகல் பொழுதைப் பன்னிரண்டாக வகுப்பது, கோடையில் ஒரு மணி நீளும், குளிரில் சுருங்கும். அம்மாவுக்கு நான் சொல்லச் சொல்ல, "நம்ம நாழிகை உதயத்துல இருந்து, இவுக அஸ்தமனத்துல இருந்து எண்ணுறாகளா" என்றார். அப்புறம் ராசி வளையத்தைப் பார்த்துவிட்டு, சித்திரையே முடியலை, சூரியன் எப்படி ரிஷபத்தில் நிற்கும் என்று கேட்டார். கேட்டது சரியான கேள்வி. அவர்களுடையது சாயனக் கணக்கு, அதாவது பகலும் இரவும் சமமாகும் வசந்தகாலப் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணுவது. நம்ம பஞ்சாங்கம் நிரயனம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் இடையே சுமார் 24 பாகை வித்தியாசம். நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் வழிகாட்டி நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஒரு கடிகாரத்துக்கு முக்கால் மணி நேரம் செலவழிக்கிற ஆள் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அங்கிருந்து ஒரு பெரிய கடைவீதி, நா பிர்ஷிகோபே. பெயருக்கு அர்த்தமே 'அகழியின் மேல்'. பழைய நகரத்துக்கும் புதிய நகரத்துக்கும் நடுவில் இருந்த அகழியைத் தூர்த்துப் போட்ட தெரு. பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியை மூடிப் போட்டவைதானே நம்ம வெளிவீதிகள்? எனக்கு அந்த இடத்தில் ஊர் சட்டென்று பிடிபட்டது. கடைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தெரு எங்கே வளைகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

சார்லஸ் பாலம் 516 மீட்டர், முப்பது சிலைகள், கூட்டம் தாங்காது. மன்னர் நான்காம் சார்லஸ் 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5:31க்கு அடிக்கல் வைத்தார் என்பார்கள், எழுதிப் பார்த்தால் 1-3-5-7-9-7-5-3-1, முகூர்த்தம் குறித்தது போல. சாந்தில் முட்டை கலந்தார்கள் என்றொரு கதையும் உண்டு. நாயக்கர் மகால் சுதைக்கும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததாகச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், அதனால் அம்மா இதில் ஆச்சரியப்படவே இல்லை. 1890 வெள்ளத்தில் இதன் மூன்று வளைவுகள் இடிந்து போயின. வைகை மேல் இருக்கும் நம்ம ஏ.வி. பாலத்துக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

மேலே கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம்தான் எனக்கு உச்சம். 1344இல் தொடங்கி, மத்தியாஸ், அவருக்குப் பின் பீட்டர் பார்லர் என்று பெரிய ஸ்தபதிகள் கட்டி, ஹுசைட் போர்கள் என்ற மதப் போர்களில் வேலை நின்று, 1929இல்தான் முடிந்தது. 585 வருஷம். வாசலில் நிற்கும் இரட்டைக் கோபுரம்தான் புதிது, பின்பக்கம்தான் பழசு என்று அவர் சுற்றிக் கூட்டிப்போய்க் காட்டியபோது, மதுரை மீனாட்சி கோயில் பக்கம் எழுகடல் தெருவில் அரைகுறையாக நிற்கும் ராயகோபுரம் கண் முன்னால் வந்தது. திருமலை நாயக்கர் தொடங்கியதை இன்னும் யாரும் முடிக்கவில்லை. அதன் அடியில் நிறுத்தி இப்படிப் பொறுமையாகச் சொல்ல மதுரையில் ஒருவர் வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது.

குறைகளும் உண்டு. இருபத்திரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி, மைக் கிடையாது, பின்னால் நின்றால் பாதி கேட்காது. தெரு முழுக்கக் கருங்கல் பதித்திருக்கிறார்கள், மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சிரமம். பாலம் தாண்டியதும் அம்மாவையும் மனைவியையும் 22ஆம் எண் டிராமில் அவரே ஏற்றிவிட்டார், அது கோட்டை வரைக்கும் போகும். பேராலயத்துக்குள் முழுதாகப் போகத் தனி டிக்கெட், இந்தக் காசில் சேராது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். எங்கள் பேக்கேஜுக்குச் சாப்பாட்டைச் சேர்த்தும் இரண்டரைதான்.

இன்னொன்று, பாலத்தை மட்டும் விடியற்காலையில் பாருங்கள். மறுநாள் எட்டு மணிக்கு பஸ், அதற்கு முன்னால் நாங்கள் போனபோது பத்துப் பேர்கூட இல்லை. அம்மா என் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக 5:31க்குப் பாலத்தின் பழைய நகரப் பக்கக் கோபுரத்தடியில் கைகூப்பி நின்றார்.