தேக்கு என்று சொல்லிப் பெட்டி மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

மாடித்தோட்டத்துக்கு மூன்று அடுக்கு மரத் தொட்டி செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 8,500 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ஆகஸ்டில் சென்னைப் புறநகரில் ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்தேன். படிக்கட்டு மாதிரி மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் நாலடி நீளம், ஓரடி அகலம், ஒன்பது அங்குல உயரம், முக்கால் அங்குலப் பலகை. "ஒரிஜினல் தேக்கு மேடம், பத்து வருஷத்துக்கு அசையாது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார். பளபளவென்று காபிப்பொடி நிறத்தில் பாலிஷ் அடித்து வந்து இறங்கியது. எடை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று அம்மா மட்டும் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

மேல் தட்டில் புதினா, நடுவில் அரைக்கீரை, கீழே மிளகாயும் தக்காளியும். செப்டம்பர் வரை ஒரு குறையும் இல்லை. அக்டோபரில் மழை பிடித்ததும் பலகை இடுக்கில் குடை விரித்தாற்போலக் காளான் முளைத்தது, அடுத்த வாரம் முன்பலகை வயிறு தள்ளியது, ஒரு நாள் விடியற்காலையில் தடாலென்று சத்தம். போய்ப் பார்த்தால் மேல் பெட்டி நடுப்பெட்டி மேல் கிடக்கிறது, கீரை முழுக்கச் சேறு. ஒரு பெட்டியில் 85 லிட்டர் மண்கலவை பிடிக்கும், தேங்காய் நார்க்கழிவு கலந்திருந்தாலும் மழையில் ஊறினால் எழுபது எண்பது கிலோ வரும். அதைத் தாங்க அந்த ஆள் போட்டிருந்தது ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ! துருப்பிடித்து, கையால் திருப்பினாலே தலை தனியாக வந்தது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் போடவில்லை, அதை நானும் பார்க்காமல் விட்டேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான ஆசாரியைக் கூட்டி வந்தேன். உளியால் ஓர் ஓரத்தைச் சீவினார். மேலே காபிப்பொடி நிறம், அரை நூல் ஆழம்கூட இல்லை, அதற்குக் கீழே வெளுத்த மஞ்சள். மோந்து பார்த்துவிட்டு, "தேக்கு இல்லம்மா, பெட்டி மரம்" என்றார். சாமான் பேக்கிங்கில் வரும் பைன் பலகை, பிசின் வாசனை அடிக்கிறது. கீழ்ப்பெட்டியின் உள்பக்கத்தில் கோதுமைக் கதிர் முத்திரையும் எம்.பி (MB) என்ற எழுத்தும் பாதி இழைத்த நிலையில் இருந்தன. ஏற்றுமதி இறக்குமதி பேக்கிங் மரத்தில் பூச்சி ஒழித்ததற்குப் போடும் முத்திரை அது. ஹெச்.டி என்றால் சூடேற்றியது, எம்.பி என்றால் மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயுவால் புகை போட்டது. கீரை வளர்க்க இப்படிப்பட்ட மரத்தை நான் தெரிந்து வாங்கியிருக்கவே மாட்டேன்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால் வந்த பதில்: "தண்ணி ஊத்தினா மரம் ஊறத்தான் செய்யும் மேடம்." செடித் தொட்டிங்க அது! படம் அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார். சரி, பில்லை எடுத்துப் பார்த்தால் "மர ஸ்டாண்ட் - 1" என்று மட்டும் இருக்கிறது, தேக்கு என்ற சொல்லே இல்லை. வாட்ஸ்அப் பேச்சு அழியாமல் இருந்ததால் அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இந்த அளவுக்குக் காலோடு சேர்த்து இரண்டரை கன அடி மரம் வேண்டும். அப்புறம் மரவாடியில் விசாரித்தபோது தேக்கு கன அடி 3,500-க்குக் கீழே பேச்சே இல்லை, அதாவது நான் கொடுத்த காசு மரத்துக்கே காணாது. அதனால் செய்யக் கொடுத்தால், பாலிஷ் அடிக்கும் முன்பே பட்டறைக்கு நேரில் போய் வெறும் பலகையாகப் பாருங்கள், உங்கள் முன்னாலேயே ஓர் ஓரத்தைச் சீவச் சொல்லுங்கள். "இன்னிக்கு முடியாது மேடம், கலர் அடிச்சாச்சு" என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். என்ன மரம், என்ன ஸ்க்ரூ என்று பில்லில் எழுதி வாங்குங்கள், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்தானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தப்பிய புதினா இப்போது பழைய பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் மரவாடிக்கு வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை ஒரே அடுக்குதான்.