சி டிரைவ் நிறைந்தால்: கிளவுடா, ஹார்ட் டிஸ்க்கா?

தக்கலையில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி. விண்டோஸ் கணக்கில் அது 238தான். போன ஐப்பசியில் சி டிரைவ் பட்டை சிவந்து, 3 ஜிபி மிச்சம் என்று நின்றது. தங்கை கல்யாண வீடியோவும் மண்டைக்காடு கோயில் கொடையில் எடுத்ததும் ஃபோனில் இருந்து இறக்கியதுமாக 150 ஜிபி.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, டிஸ்க் கிளீனப் ஓட்டியதில் 18 ஜிபி கிடைத்தது. ஒரே மாதத்தில் மறுபடி சிவப்பு. படங்களை வெளியே கொண்டுபோகாமல் தீராது.

கிளவுட் என்றால், நம் ஃபைல்களை இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினியில் வைப்பது. அதில் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஜிமெயிலும் அடக்கம். கூடுதல் இடத்துக்கு மாதக் காசைக்கூடக் கட்டிவிடலாம், ஏற்றுவதுதான் பாடு. எங்கள் லைனில் அப்லோடு 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 மெகாபிட். 150 ஜிபி ஏற, இடைவிடாமல் ஓடினாலும் 33 மணி நேரம். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. இடி தொடங்கினால் மோடத்தை நாமே பிடுங்கி வைக்கிறோம். மூன்று இரவு முயன்றும் பாதி ஏறவில்லை.

இன்னொன்று, சிங்க் ஆகும் ஃபோல்டரில், அதாவது லேப்டாப்பிலும் கிளவுடிலும் ஒன்றுபோலவே இருக்கும் ஃபோல்டரில், அழித்தால் கிளவுடிலும் அழியும். இடம் பிடிக்கிறதே என்று மைனி தன் லேப்டாப்பில் குழந்தை படங்களை அழித்துவிட்டார். கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள் இருக்கும் என்பதால் மீட்டோம். லேப்டாப்பில் இடம் வேண்டுமென்றால் அழிக்காமல், 'ஆன்லைனில் மட்டும்' என்று மாற்ற வேண்டும்.

எனக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரிவந்தது. நாகர்கோவிலில் 1 டிபி வாங்கினேன். யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது.

ஆனால் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்தால், உலகத்தில் அந்தக் கல்யாணத்துக்கு இருப்பது ஒரே காப்பி. மேசையில் இருந்து ஒருமுறை கீழே விழுந்தால் போச்சு. அதனால் இரண்டாவது டிஸ்க்கும் வாங்கி, அதிலும் ஏற்றி, மார்த்தாண்டத்தில் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஃபைல் எண்ணிக்கையை ஒத்துப் பார்த்து, நாலைந்து வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே லேப்டாப்பில் அழித்தேன். இரண்டு டிஸ்க் வாங்க மனமில்லை என்றால், ஹார்ட் டிஸ்க் வழியே வேண்டாம் என்பேன்.

வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. ஐந்து வருடம் உழைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செருகிப் பார்க்கிறேன். சான்றிதழ், பத்திர ஸ்கேன் எல்லாம் அரை ஜிபிகூட வராது. அவற்றை மட்டும் கிளவுடிலும் போட்டிருக்கிறேன்.